ஃபிளெமிங்டன் மைதானத்து நிசப்தம்

மெல்பர்ன் நகரத்துக்கு நான் பிரயாணம் செய்தது குதிரைப் பந்தயம் பார்ப்பதற்காக அல்ல. என் தமக்கை மகன் அந்த ஊரில் குடியேறிப் பதினோரு வருஷங்களாகியும் அவன் வீட்டுப் படியை நான் ஒரு தரமாவது மிதிக்கவில்லை என்பது தமக்கைக்குத் தீராத மனக்குறை. அவள் அதைச் சொல்லிக் காட்டாத பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை என்று ஆகிவிட்டபடியால், 2015ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், முழங்கால் வலியையும் விமானச் சாப்பாட்டையும் சகித்துக்கொள்வது என்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்பட்டேன். போய் இறங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது, நான் போயிருந்த சமயம் அந்த ஊருக்குத் தேர்த் திருவிழாச் சமயம் என்று.

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்னில் சர்க்கார் விடுமுறை. காரணம் சாமியும் அல்ல, சுதந்திரமும் அல்ல. முன்பு இரண்டு மைலாக இருந்து பிற்பாடு 3,200 மீட்டர் என்று கணக்கு மாறிய தூரத்தை இருபத்து நான்கு குதிரைகள் ஓடிக் கடக்கிற மூன்றரை நிமிஷத்துக்காக ஒரு நாள் முழுவதும் கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடக்கின்றன. 1861இல் முதல் கோப்பையை ஜெயித்த ஆர்ச்சர் என்ற குதிரை, நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து ஜெயித்ததாக ஒரு புராணம் அங்கே வெகுகாலம் வழங்கி வந்திருக்கிறது. உண்மையில் அது நீராவிக் கப்பலில் சௌகரியமாக வந்து இறங்கியதுதான். ஆனால் கப்பலில் வந்த குதிரையைப் பற்றி எந்தப் பாட்டி பேரனுக்குக் கதை சொல்வாள்?

"மாமா, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் வாங்கியாச்சு. நீங்க கோட்டுப் போட்டுத்தான் ஆகணும்" என்றான் மருமகன். எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. நான் சைதாப்பேட்டைக்காரன், கிண்டி ரேஸ் மைதானத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் பிறந்து வளர்ந்தவன், இருந்தும் அறுபத்தேழு வயது வரையில் அந்த வாசலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. "ரேஸுக்குப் போகிறவன்" என்பது எங்கள் தெருவில் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை. அதற்கு மேல் அவனைப் பற்றி விசாரிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படாது. குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, வெறும் அதிருஷ்டத்தை அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 1996இல் சென்னைப் பந்தய வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, என் தகப்பனார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "திறமை குதிரைக்கு, அதிருஷ்டம் புக்கிக்கு, பணம் கட்டுகிறவனுக்கு என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாளது வரையில் எனக்குப் பதில் அகப்படவில்லை.

ஆயினும் ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் இல்லாமற் போகவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பிரதேசத்திலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர் பெற்ற குதிரைகள் சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்தியதிலும் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கிப் பட்டாளத்துக்கும் துரைமார்களின் வண்டிகளுக்கும் போயின. அவை வந்த கடல்வழியை எதிர்த்திசையில் ஆகாயமார்க்கமாகக் கடந்து வந்த நான், ஒரு மரியாதைக்காவது அவற்றின் வமிசத்தாரைப் போய்ப் பார்ப்பதில் தவறில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக்குச் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். அந்த ஊரில் இந்த வாரத்தில் எந்த ஆபீஸிலும், எந்த வீட்டிலும் நடக்கிற ஒரு வழக்கம் அங்கும் நடந்தது. இருபத்து நான்கு குதிரைகளின் பெயர்களையும் பேத்தி தன் நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துச் சீட்டுகளாக எழுதினாள். அவள் தாயார் அவற்றைச் சுருட்டி, ஊறுகாய் வாசனை முழுவதும் போகாத ஓர் எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் குலுக்கினாள். தலைக்கு ஐந்து டாலர் வைத்து ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுத்தோம். என் கைக்கு வந்தது ரெட் கடோ. "மாமாவுக்கு யோகந்தான்!" என்று எல்லாரும் ஆரவாரித்தார்கள். அந்தக் குதிரை இங்கிலாந்திலிருந்து வருஷந்தோறும் வந்து, 2011, 2013, 2014 ஆகிய மூன்று வருஷங்களில் இரண்டாவதாக நின்றது. முதல் தடவை மூக்கு நுனியளவு தூரத்தில் கோப்பையைத் தவறவிட்டது. ஜெயிக்காமலே அந்த ஊர் ஜனங்களின் பிரீதிக்குப் பாத்திரமான கிழக்குதிரை என்றெல்லாம் சரித்திரம் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் இரவு முறை காரணமாக வரவில்லை. அவர் பெயருக்காகக் குழந்தை எடுத்த சீட்டில் 'பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்றிருந்தது. யார் அந்த இளவரசர் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "வராதவருக்கு வராத குதிரை" என்று மருமகன் சொன்னான், சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கென்றே விடுகிற ரயிலில் ஏறினோம். பட்டுக்கரை வேஷ்டியும் புதுப் புடைவையுமாகக் கல்யாணத்துக்குப் போகிற கூட்டத்தை ஒரே வண்டியில் அடைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அந்த ரயில். ஆடவர் சட்டைப் பொத்தானில் மஞ்சள் ரோஜா. சனிக்கிழமை டெர்பி தினத்துக்கு நீலப் பூ, கப் தினத்துக்கு மஞ்சள் ரோஜா, வியாழக்கிழமை ஓக்ஸ் தினத்துக்கு இளஞ்சிவப்பு ரோஜா என்று பூவுக்குக்கூட ஆசாரம் வகுத்து வைத்திருக்கிறார்கள். பெண்மணிகளின் தலையில் இருந்தவற்றைத் தொப்பி என்று சொல்வது அநியாயம். இறகும் வலையும் கம்பியுமாகச் சில, பறவைகள் கூடு கட்டத் தொடங்கி நடுவில் மனம் மாறிப் பறந்துவிட்டவை போலிருந்தன. சரியாக ஐம்பது வருஷங்களுக்கு முன், 1965 டெர்பி தினத்தில், ஜீன் ஷ்ரிம்டன் என்ற இங்கிலாந்து நாட்டு மாடல் அழகி தொப்பியும் கையுறையும் காலுறையும் இல்லாமல் முழங்காலுக்கு மேல் நின்ற கவுனுடன் இந்த மைதானத்துக்கு வர, அந்நகரத்துச் சீமாட்டிகள் திகைத்துப் போனார்களாம். இன்று பார்த்தால் அந்த அம்மாள் அடக்கமான உடையுடன் வந்தவளாகவே தோன்றுவாள்.

மைதானத்தில் ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள். நடுவே ஃபார் லாப் என்ற மகாக் குதிரையின் வெண்கலச் சிலை. 160 கினிக்கு வாங்கிய அக்குதிரை 1930இல் ஜெயித்தபோது, அதன்மேல் ஜனங்களுக்கிருந்த நம்பிக்கை காரணமாக, கட்டிய பணத்துக்குச் சமமான லாபங்கூடக் கிடைக்காத அளவுக்கு அதன் விலை இறங்கியிருந்தது. அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் அவ்வளவு நிச்சயமாக எதிர்பார்க்கப்பட்டு ஜெயித்த குதிரை வேறில்லை. மூன்று நாள் முன்னதாக யாரோ அதைச் சுட்டுக் கொல்லப் பார்த்ததற்கும் அந்த நிச்சயந்தான் காரணம். இரண்டு வருஷங்களில் அது அமெரிக்காவில் இறந்தது. அதன் தோலைப் பதனிட்டு உருவமாக்கி மெல்பர்ன் பொருட்காட்சிசாலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்; இருதயம் கான்பராவில்; எலும்புக்கூடு அது பிறந்த நியூஸிலாந்தில். சக்தி பீடங்கள் ஞாபகத்துக்கு வந்தன எனக்கு.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற வளைவுக்கு அருகே, மருமகன் எப்படியோ வேலியோரமாக இடம் பிடித்துக் கொடுத்தான். ஜாதிக் குதிரையை அவ்வளவு சமீபத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஓவியத்தில் கம்பீரமாகத் தெரிகிற பிராணி, கிட்டத்தில் பார்க்கையில், கண்ணாடிப் பாத்திரம் போலப் பயந்து பயந்து எடுத்து வைக்கவேண்டிய ஒன்றாகத் தெரிந்தது. அத்தனை பெரிய உடம்பைத் தாங்குகிற கணுக்கால், என் மணிக்கட்டைவிட எவ்வளவு பருமன் இருந்துவிடும்? மெல்லிய தோலுக்கடியில் நரம்புகள் மாவிலை நரம்புகள் போலப் பின்னிக் கிடந்தன. ஓர் ஈ வந்து உட்கார்ந்ததும் உட்கார்ந்த அந்த இடம் மட்டும் சிலிர்த்தது. நான் தேடியது என் ரெட் கடோவை. செந்நிறத்தில், ஒன்பது வயதுக்குரிய நிதானத்தோடு, இந்த ஊரும் கூட்டமும் தனக்குப் புதிதல்ல என்பதுபோல் அது போயிற்று. அதற்கு முன்னாலோ பின்னாலோ, ஒரு குதிரையை நம் ஊரில் சைஸ் என்று சொல்லும் குதிரைக்காரர்களில் ஒருவர், குள்ளமான உருவமும் உருண்ட முகமுமாக, வெகு கவனத்துடன் நடத்திக்கொண்டு போனார். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கவனித்தேன் என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்குப் பந்தயம் தொடங்கியது. ஃபிளெமிங்டன் ஓடுதளத்தின் சுற்றளவு 2,300 மீட்டருக்குச் சற்று மேல் என்பதால், 3,200 மீட்டர் ஓடவேண்டிய குதிரைகள் எங்கோ கண்ணுக்கெட்டாத மூலையில் நேர்ப்பாதையின் கோடியிலிருந்து புறப்பட்டு, ஒரு தரம் எங்களைக் கடந்து, முழுச் சுற்றும் சுற்றி மறுபடியும் எங்கள் முன் வரவேண்டும். முதல் தரம் கடந்தபோது எனக்குத் தெரிந்தது வர்ணத் தொப்பிகளும் ஒரு பூகம்பமும். சத்தம் காதால் வரவில்லை; செருப்பின் வழியாக வந்தது. பிறகு அவை எதிர்ப்புறத்துக்குப் போய்விட, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பெரிய திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி வளைவு திரும்பி, முடிவு எல்லைக்கு 450 மீட்டர் இருக்கும்போது எழுந்த கோஷத்தை, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நிமிஷத்து ஆரவாரத்தோடுதான் ஒப்பிடலாம். ஒவ்வொருவரும் அவரவர் குதிரையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அதிகமாகக் கேட்டது ஜப்பானிலிருந்து வந்திருந்த ஃபேம் கேம் என்ற பெயர். எல்லாரும் நம்பிப் பணம் கட்டிய குதிரை அதுதான். நானும் என் பங்குக்கு, "கடோ! கடோ!" என்று, தகப்பனார் பரலோகத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்ற நினைவே இல்லாமல் கத்தினேன்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. ஊதாவும் பச்சையும் வெள்ளையுமான சட்டையணிந்த ஒரு ஜாக்கி, டிரிப் டு பாரிஸ் என்ற குதிரையின் பின்னாலேயே வந்து, வழி கிடைத்த கணத்தில் வெளியே எடுத்து, முன்னேறிக்கொண்டே வந்தார். மகாநிபுணரான ஃபிராங்கி டெட்டோரி ஏறியிருந்த மேக்ஸ் டைனமைட் பின்னாலிருந்து துரத்தியது. அரை உடல் தூரத்தில் அதைப் பின்னுக்கு விட்டுவிட்டு ஊதாச் சட்டை எல்லையைக் கடந்தது. கோஷம் நின்றுவிட்டது. விளக்கை அணைத்தாற்போல் ஒரேயடியாக அல்ல. மழை ஓய்கிற மாதிரி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக நின்று, லட்சம் ஜனங்கள் கூடிய இடத்தில் இருக்கக்கூடாத ஒரு நிசப்தம் உண்டாயிற்று. அந்த நிசப்தத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சரசரவென்று காகிதம் புரளும் சத்தம். என்னைச் சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் ரேஸ் புத்தகத்தைப் பிரித்து, ஜெயித்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ். ஒரு டாலர் கட்டியவனுக்கு நூற்றொரு டாலர். அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய விலைக்கு ஜெயித்த குதிரைகள் அதற்கு முன் மூன்றே மூன்று: 1871இல் தி பேர்ல், 1936இல் வோட்டன், 1940இல் ஓல்ட் ரௌலி.

அத்துடன் இன்னொரு விஷயமும் புத்தகத்தில் இருந்தது. ஜாக்கி ஒரு பெண். 155ஆவது முறையாக நடந்த அந்தப் பந்தயத்தில் ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. மிஷேல் பேய்ன், பத்துக் குழந்தைகள் பிறந்த குடும்பத்தில் கடைக்குட்டி. ஆறு மாதக் குழந்தையாயிருக்கும்போது தாயார் மோட்டார் விபத்தில் இறந்துவிட, பாலராட் பக்கத்தில் குதிரை பழக்கிப் பிழைத்த தகப்பனார் பேடி பேய்ன் பத்துப் பேரையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். அவர்களில் எட்டுப் பேர் ஜாக்கிகளானார்கள். மிஷேல் 2004இல் குதிரையிலிருந்து விழுந்து மண்டையோடு பிளந்து பிழைத்தவர். பழைய மாதிரி எழுத்தாளனாகிய எனக்கு இந்த இடத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரை வருணிக்கத் தோன்றுகிறது; ஆனால் அன்று அந்தப் பெண் அழுகிற நிலையில் இல்லை. ஒலிபெருக்கியின் முன் நின்று, இது ஆண்களின் ஆதிக்கம் மிகுந்த தொழில் என்றும், குதிரையின் சொந்தக்காரர்களில் சிலரே தம்மை இறக்கிவிட நினைத்தார்கள் என்றும், பெண்களுக்குப் பலம் போதாது என்று நினைக்கிறவர்கள் எங்கே போகலாம் என்றும் சொன்னார். கடைசி வாக்கியத்தை நாகரிகமான தமிழில் பெயர்க்க நான் பிரயத்தனம் செய்யவில்லை. என் பக்கத்தில் நின்ற மூதாட்டி தொப்பி கழன்று விழும்படி கைதட்டினாள் என்று மட்டும் சொல்கிறேன். அவளுக்குக் காரணம் இருந்திருக்கும். 1938இல் கேட்டலாக் என்ற குதிரையைப் பழக்கி இந்தக் கோப்பையை ஜெயிக்கச் செய்தவள் நியூஸிலாந்துப் பெண்மணியான ஸ்ரீமதி மக்டொனால்ட். பெண்களுக்கு அந்த ஊரில் பயிற்சியாளர் லைசென்ஸ் கிடையாது என்பதால், ஏட்டில் பதிவானது அவள் புருஷனின் பெயர்.

அந்தக் குள்ளமான சைஸை இப்போது திரையில் மறுபடியும் பார்த்தேன். ஸ்டீவி பேய்ன், மிஷேலின் தமையன்; டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவர்; டேரன் வெயர் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் குதிரைகளைப் பராமரிப்பவர். எந்தக் குதிரை எந்தக் கதவிலிருந்து புறப்படுவது என்று குலுக்கல் போட்ட சனிக்கிழமை மாலையில், பிரின்ஸுக்காகக் கைவிட்டு எடுத்தவர் அவரே. உள்வேலியை ஒட்டிய ஒன்றாம் நம்பர் கதவு வந்தது. பத்து நிமிஷத்துக்கு முன் என்னிடமிருந்து நாலு முழ தூரத்தில் நடந்து போன மனிதர்! அப்போது நான் வேறொரு குதிரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குதிரையும் ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. முந்திய வருஷம் மூனி வேலி என்ற மைதானத்துக் கோப்பையை ஜெயித்திருக்கிறது. இந்த வருஷமும் பத்து நாட்களுக்கு முன் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருக்கிறது. பெரும்பாலான பந்தயங்களில் அதன்மேல் ஏறியவர் மிஷேல்தான்; அதன் மூச்சு அவருக்குத் தெரியும், அவர் கை அதற்குத் தெரியும். இவ்வளவும் அச்சில் இருந்தது. அந்த ரேஸ் புத்தகத்திலேயே, என் சட்டைப் பையிலேயே இருந்தது. புக்கிகள் சொல்லும் விலை என்பது குதிரையின் யோக்கியதாம்சத்தின் அளவு என்றல்லவா நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்? ஜனங்கள் எந்தப் பக்கம் பார்த்தார்கள், எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்பதன் கணக்கே அது. ஜனங்கள் அன்று பார்த்தது வெளிநாட்டிலிருந்து கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த குதிரைகளை. ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கிய உள்ளூர்க் குதிரையையும், உள்ளூர்ப் பெண்ணையும் யாரும் பார்க்காததால் விலை நூற்றுக்குப் போயிற்று. பிற்பாடு இதையெல்லாம் அதிருஷ்டம் என்று சொல்லக் கேட்டேன். குலுக்கலில் ஒன்றாம் நம்பர் வந்தது அதிருஷ்டந்தான், அதை நான் மறுக்கவில்லை.

இந்த ஆனந்தத்துக்கு நடுவே, ஓடுதளத்தின் நேர்ப்பாதையில் ஒரு குதிரையைச் சுற்றித் திரை பிடித்தார்கள். மருமகன் என் தோளைத் தொட்டான். "மாமா, உங்க குதிரை" என்றான். ரெட் கடோவின் முன்னங்கால் ஒடிந்திருந்தது. முந்திய வருஷத்துப் பந்தயத்தன்று இரண்டு குதிரைகளை இழந்த மைதானம் அது. எனவே அந்தத் திரைக்கு என்ன அர்த்தமாக இருக்கக்கூடும் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை அங்கே கொன்றுவிடவில்லை. வண்டியில் ஏற்றி வைத்தியத்துக்குக் கொண்டு போனார்கள். அதற்கப்புறம் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் காலையில் கண்ட கல்யாணக் கூட்டம் மறுநாள் காலைக் கல்யாண வீடாக மாறியிருந்தது. சீமாட்டிகள் குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் நின்றார்கள், ரோஜாக்கள் வாடியிருந்தன. மருமகன் ஆஸ்பத்திரி நண்பருக்குப் போன் செய்து, நூற்றிருபது டாலர் சம்பாதித்திருக்கிறீர்கள் என்றான். இரவு முழுவதும் விழித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், எந்தப் பந்தயம் என்று கேட்டாராம்.

பிற்காலத்து விருத்தாந்தம் கொஞ்சம் உண்டு. மிஷேலின் சரித்திரத்தை 2019இல் சினிமாவாக எடுத்தார்கள். அதில் ஸ்டீவியின் வேஷத்தில் ஸ்டீவியே நடித்தார். அதே வருஷத்தில் டேரன் வெயர், தடை செய்யப்பட்ட மின்சாரக் கருவிகளை வைத்திருந்த குற்றத்துக்காக நாலு வருஷம் தொழிலிலிருந்து விலக்கப்பட்டார். மிஷேலின் கதையை யாரிடம் சொன்னாலும் இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்வது என்று வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது.

நான் நவம்பர் நடுவில் சென்னைக்குத் திரும்பினேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கால் ஒடிந்த ரெட் கடோவுக்கு எவ்வளவோ வைத்தியம் செய்தும் பலிக்காமல், அதை மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்கள் என்ற செய்தியை மருமகன் தெரிவித்த அன்று, எங்கள் தெருவில் முழங்கால் ஜலம். அதற்குப் பத்து நாளைக்குப் பிறகு, டிசம்பர் முதல் தேதி ராத்திரி, அடையாற்றில் வந்த வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் புகுந்து எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தையும் எட்டியது. கீழ்த்தட்டிலிருந்த புத்தகங்கள் அத்தனையும் நனைந்தன. வெயில் வந்ததும் அவற்றை மொட்டைமாடியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த ரேஸ் புத்தகம் அகப்பட்டது. ஏழாம் பந்தயத்துக் குதிரைகள் இருபத்து நான்கும் வரிசையாக அச்சிட்டிருந்த பக்கத்தில் நான் அடையாளத்துக்கு வைத்திருந்த சீட்டு, இரண்டு தாள்களுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்தியின் பேனா மசி பரவியிருந்தாலும் பெயர் தெரிந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. அப்படியே, காற்றுக்குப் பறக்காமல் ஒரு செங்கல்லை மேலே வைத்து, வெயிலில் விட்டுவிட்டு இறங்கினேன்.